சொந்தப் பாட்டுக்கு ஏன் வெட்கம்?



பிரசவ வார்ட்டில் தாய்மார் தாமே கட்டிய தாலாட்டைப் பாடுவார்கள். வைத்தியர்களான நாங்கள் நுழைந்ததும் நிறுத்திவிடுவார்கள். அந்த வெட்கம் நம் எல்லோரிடமும் உண்டு. சினிமாப் பாட்டை மேடையில் பாடுவோம். நாமே எழுதியதைக் கொப்பிக்குள் மூடி வைப்போம்.

நம் மலையகத்தில் மீனாட்சி அம்மாள் அப்படி மூடி வைக்கவில்லை. கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர், தொழிலாளரின் கஷ்டங்களைத் தெரிந்த மெட்டுகளில் தாமே பாட்டாக்கித் தோட்டக் கூட்டங்களில் பாடினார். 1940இல் நூலாகவும் வெளியிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களும், லயத்தில் யாரோ ஒருத்தி வாய்விட்டுப் பாடியதால்தான் நம்மிடம் இருக்கின்றன.

குரல் நடுங்கினால் நடுங்கட்டும். முதலில் வீட்டில் ஒருவருக்குப் பாடுவோம். பிறகு கைபேசியில் பதிந்து ஒரு தோழிக்கு அனுப்புவோம். அடுத்த ஒன்றுகூடலில் ஒரு பாட்டாவது நம்முடையதாக இருக்கட்டும்.