பிறப்புரிமையும் சொத்துரிமையும்



அமெரிக்கா தேசத்து அரசியல் தத்துவத்தைப் பற்றி, பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிரிடுகிற பெரம்பலூர், அரியலூர் பக்கத்துத் தோழர்களிடம் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அந்தத் தத்துவத்தின் வேர் நிலத்தில்தான் இருக்கிறதாகையால் உங்களிடம்தான் பேச வேண்டுமென்கின்றோம்.

ஜான் லாக் என்ற ஆங்கிலேயர் 1689-ல் ஒரு நூல் வெளியிட்டார். மனிதனுக்கு உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றின்மேல் உள்ள பாத்தியதை எந்த ராஜாவும் கொடுத்ததல்ல, இயற்கையிலேயே உள்ளது. அதைக் காப்பதற்காக ஜனங்கள் சம்மதித்து ஏற்படுத்திக் கொண்டதே அரசாங்கம். காக்கத் தவறினால் அதை மாற்ற ஜனங்களுக்கு அதிகாரமுண்டு என்றார். சரி, சொத்து எப்படி ஒருவனுடையதாகிறது? அவன் உடல் அவனுடையது. ஆகவே அவன் உழைப்பும் அவனுடையது. எந்த நிலத்தில் அவன் உழைப்பைக் கலந்தானோ அது அவனுடையது என்றார். நம் ஊர் வரப்பில் நின்று இதைச் சொன்னால் யார் யாருக்குக் கோபம் வருமென்று யோசித்துப் பாருங்கள்!

1776-ல் அமெரிக்கர் தம் சுதந்திரப் பிரகடனத்தில் எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று எழுதினார்கள். நம் தேசத்திலோ மனிதன் பிறக்கும்போது கூடவே பிறப்பது ஜாதி ஒன்றுதான். ஆனால் அங்கும் யோக்கியதை எப்படி என்றால், லாக் அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனோ தம் ஆயுளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். அவர் ‘சொத்து’ என்பதற்குப் பதில் இன்பத்தைத் தேடும் உரிமை என்று எழுதினார். இருந்தும், 1791-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த திருத்தத்தில் சொத்து வந்து உட்கார்ந்து கொண்டது. அதன் பலன் என்ன? 1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தனக்கு விடுதலை கேட்டபோது, அடிமை எஜமானனுடைய சொத்து, சொத்தைப் பறிக்கக்கூடாது என்று அந்நாட்டுப் பெரிய கோர்ட்டு சொல்லிவிட்டது. மனிதனைக் காக்கச் செய்த உரிமையே மனிதனை விலைப்பொருளாக்கிற்று. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிய, ஒரு பெரிய யுத்தம் நடந்து 1865 ஆக வேண்டியிருந்தது.

நிற்க, நம் ஊருக்கு வருவோம். இப்பக்கத்து ஜமீன்களில் பேர்போனது உடையார்பாளையம். அங்கே கனம் கிருஷ்ணையர் போன்ற சங்கீத வித்வான்கள் ஆதரிக்கப்பட்டார்கள் என்று இன்றும் பெருமையாய்ச் சொல்லுகிறார்கள். ஆதரித்த பணம் ஜமீன்தார் ஏர் பிடித்துச் சம்பாதித்ததா? லாக் கணக்குப்படி அந்த நிலம் யாருடையது?

1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மற்ற மாகாணங்களிலும் இவ்விதச் சட்டங்கள் வரவே, 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளைக் கையிலெடுத்துக்கொண்டு ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பீகாரில் தர்பங்கா மகாராஜா போட்ட வழக்கில் 1951-ல் பாட்னா ஐகோர்ட்டு அந்த மாகாணச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சிறிய ஜமீன்தாருக்கு வருமானத்தில் அதிக மடங்கும் பெரிய ஜமீன்தாருக்குக் குறைந்த மடங்கும் நஷ்ட ஈடு கொடுப்பது சமத்துவத்துக்கு விரோதமாம்! ஆயிரம் வருஷமாய்ச் சமத்துவம் கேட்டவனுக்குக் கிடைக்காத சமத்துவம் மகாராஜாவுக்குக் கிடைத்தது. உடனே அதே 1951-ல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்து, ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்றை ஏற்படுத்தி, நமது 1948-ம் வருஷச் சட்டம் உள்பட 13 சட்டங்களை அதில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

அதோடு பாடுபட்டவனுக்கு நிலம் வந்துவிட்டதா? ஜமீன்தாருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது, குடியானவனுக்குப் பட்டா கிடைத்தது. சேற்றில் இறங்கி நாற்று நட்ட பண்ணையாளுக்கும் அவன் பெண்சாதிக்கும் கிடைத்ததென்ன? அவர்களுடைய உழைப்பு எந்த மண்ணிலும் கலக்கவில்லையா?

1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தம், சொத்துரிமையை அடிப்படை உரிமை வரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. பெரிய ஜமீன்களைப் பொறுத்தவரை நமக்கு அழுகையில்லை. ஆனால் இரண்டு ஏக்கர் வைத்துத் தானே உழுகிறவனும் அதே வரிசையிலிருந்துதான் இறக்கப்பட்டான். ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990-களில் நிலம் எடுத்தார்களே, அந்தச் சம்சாரிகளைக் கேளுங்கள். நஷ்ட ஈடு போதாதென்று அநேகர் கோர்ட்டுப் படி ஏறினார்கள். நிலக்கரியோ வெட்டப்படவேயில்லை. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதென்று அரசாங்கமே முடிவு செய்தது. பாடுபடுகிறவனுடைய இரண்டு ஏக்கரையும், பாடுபடாதவனுடைய இரண்டாயிரம் ஏக்கரையும் ‘சொத்து’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறவரையில் இந்தக் குழப்பம் தீராதென்பது நமது அபிப்பிராயம்.

இதில் ஆட்சேபணையுள்ள தோழர்கள் மேடைக்கு வந்து தாராளமாய்ப் பேசலாம். பட்டா உள்ளவர்கள் பேசி முடித்த பிறகு, பட்டா இல்லாதவர்களுக்கும் நேரம் ஒதுக்கும்படி தலைவரைக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.