இடையிடையே மரத்து நிற்கும் கமரா

கமரா ஒன்று முற்றாகப் பழுதடைந்துவிட்டால், அதன் உடைமையாளருக்கு வழி தெளிவு. திருத்துவோரிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான். இடையிடையே மட்டும் செயலற்று நின்று, பின்னர் ஒன்றும் நடவாததுபோல் இயங்கும் கமராவோ அத்தகையதன்று. திருமண மண்டபத்திலே தாலி ஏறும் வேளையில் அது மரத்து நிற்கும். பொத்தானை அழுத்தினால் அசையாது. ஆளியைத் திருப்பினாலும் அணையாது. மறுநாள் திருத்துவோரின் மேசையில் வைத்ததும் தடையின்றிப் படமெடுத்துக் காட்டும். வைத்தியரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும் முறைக்காய்ச்சலைப் போன்றது இக்குறை. அதன் காரணத்தைக் கண்டறியும் வழி யாதென்பதை நேயர்கள் அறிந்துவைத்திருத்தல் நன்று.

கமராவின் உள்ளே நடப்பது யாதென்பதை முதலிற் பார்க்கவேண்டும். 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த டிஜிட்டல் கமரா, ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 செக்கன் எடுத்தது. இன்றைய கமரா அதனை இமைப்பொழுதில் முடிக்கின்றது. ஆயினும் எடுத்த படத்தை ஓரிடத்தில் எழுதிவைக்கும் வேலை அதனை விட்டு நீங்கவில்லை. ஒளியுணரி பெற்ற படம் முதலில் உள்ளேயுள்ள தற்காலிக நினைவகத்திலே தங்கி, அங்கிருந்து நினைவட்டைக்குச் செல்கின்றது. இவற்றையெல்லாம் நடத்துவது ஒரு சிறு கணினி. அது வில்லையை வினவும்; மின்கலத்தை வினவும்; அட்டையை வினவும். வினவியதற்கு விடை வராவிடின் காத்து நிற்கும். கமரா மரத்து நிற்பது பெரும்பாலும் இக்காத்திருத்தலேயாம். ஆகவே, அது எதன் விடைக்காகக் காத்திருக்கின்றது என்பதே ஆராயவேண்டிய வினா.

எனினும், நின்றதெல்லாம் பழுதன்று. இரவுக் காட்சியொன்றை 30 செக்கன் ஒளிபடவிட்டு எடுத்தபின், பல கமராக்கள் புள்ளிக்குறைகளை நீக்கும்பொருட்டு, மூடியபடியே மேலும் 30 செக்கன் வெற்றுப் படமொன்றை எடுக்கும். அவ்வேளையில் வேறெதுவும் செய்ய இயலாது. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்தாலும் தற்காலிக நினைவகம் நிரம்பி, அட்டையில் எழுதி முடியும்வரை கமரா நிற்கும். எழுதுவதைக் காட்டும் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், அது தொழிற்படுகின்றது என்பதே பொருள். அப்போது பொறுமையிழந்து மின்கலத்தைப் பிடுங்குவோர், இல்லாத பழுதைத் தாமே உண்டாக்கிவிடுகின்றனர்.

சில நிமிடங்கள் கடந்தும் கமரா அசையாதாயின், மின்கலத்தைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து மீண்டும் இடுவதன்றி வேறு வழியில்லை. உயிர்பெற்றதும் செய்யவேண்டிய முதற் காரியம், அட்டையிலுள்ள படங்களைக் கணினியிலே பிரதிசெய்துகொள்வதாகும். கமராவுக்குப் பதில் கமரா வாங்கலாம்; தாலி ஏறிய வேளையை மீண்டும் வாங்க முடியாது. படங்கள் பத்திரமான பின்னரே அட்டையை வெறுமையாக்கிச் சோதனைக்கு ஆயத்தஞ் செய்யவேண்டும். அதனையும் கணினியிற் செய்யாது கமராவிலேயே செய்தல் நன்று. தவறுதலாகப் படங்கள் அழிந்துவிடின், அவ்வட்டையில் மேலும் ஒரு படந்தானும் எடுக்கலாகாது. பெரும்பாலும் அழிவது படங்களின் அட்டவணையேயாதலால், மேலே புதிதாக எழுதப்படும்வரை அவற்றை மீட்க இடமுண்டு.

ஐயத்துக்குரியவற்றுள் முதலில் நிற்பது நினைவட்டை. எஸ்.டி. எனப்படும் அட்டை 1999இல் அறிமுகமாயிற்று. 32 ஜிகாபைட் வரை கொள்ளும் இனம் 2006இலும், அதனினும் மிக்க இனம் 2009இலும் வகுக்கப்பட்டன. பழைய கமராவிற் பிந்திய இனத்து அட்டையை இட்டால், அது இயங்காமலோ தடுமாறியோ போகலாம். அட்டையில் 10 என்னும் வகுப்பெண் இருப்பின், செக்கனுக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதவல்லது என்பது கருத்து. உயர்தரக் காணொளிக்கு அதுவும் போதாதிருக்கும். மேலுறையிற் பெரிய அளவைப் பொறித்து உள்ளே சிறிய அளவை வைத்த போலி அட்டைகளும் சந்தையில் உண்டு. அவை சிறிது காலம் செவ்வனே இயங்கி, உண்மையான எல்லையை எட்டியதும் படங்களை விழுங்கத் தொடங்கும்.

இரண்டாவது மின்கலம். முதுமையடைந்த மின்கலம் நிறைந்திருப்பதாகக் காட்டினும், குவிக்கும் மோட்டாரும் அட்டையில் எழுதும் வேலையும் ஒருங்கே மின்சாரத்தை இழுக்கும்போது அதன் அழுத்தம் தாழ்ந்துவிடும். கடுங்குளிரில் இது மிகும். வெப்பமும் தீங்கே, பல கமராக்கள் 40 பாகை செல்சியஸ் வரை பயன்படவே அமைக்கப்பட்டவை. வெயிலில் நிறுத்திய மோட்டார் வாகனத்தின் உட்புறம் அவ்வளவை எளிதிற் கடந்துவிடும்.

மூன்றாவது வில்லை. கனன் நிறுவனம் 1987இல் அமைத்த இணைப்புமுறையிலே, குவித்தலுக்கும் துவாரத்தை ஒடுக்குதற்குமான ஆணைகள் யாவும் சிறு உலோகத் தொடுமுனைகள் வழியே மின்குறிகளாகச் செல்கின்றன. வியர்வையும் உப்புக்காற்றும் அங்கே படிந்தால் பேச்சுத் தடைப்படும். அந்நிறுவனத்தின் பல கமராக்களில் ‘எர் 01’ என்னும் குறி வில்லைத் தொடர்பின் குறையையும், ‘எர் 02’ அட்டையின் குறையையும் காட்டும். தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தல் போதும். அரத்தாளால் உரசினால் மெல்லிய பொற்பூச்சு போய்விடும்.

இவற்றுள் எது காரணமென்று துணிவதற்கு, ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். அட்டை, மின்கலம், வில்லை மூன்றையும் ஒருங்கே மாற்றிக் குறை நீங்கினும், குற்றவாளி யாரென்பது தெரியாது. அடுத்து எண்ணிக்கை. சராசரி நூறு படங்களுக்கு ஒருமுறை காரணந் தோன்றாமல் நின்றுவிடும் கமராவைக் கருதுக. அதன் குறை சிறிதும் தீராதிருந்தாலுங்கூட, நூறு படங்களைத் தொடர்ந்து தடையின்றி எடுத்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 37 அளவில் உண்டு. முந்நூறு படங்கள் தடையின்றி வந்தாற்றான் அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாகக் குறையும். இருபது படம் எடுத்துப் பார்த்து, குணமாயிற்று என மகிழ்வோர் அடுத்த திருமணத்திலே மீண்டும் ஏமாறுவது இதனாலேதான்.

மூன்றையும் மாற்றிச் சோதித்தும் குறை தொடருமாயின், கமராவை இயக்கும் உள்மென்பொருளுக்குத் திருத்தம் வந்துள்ளதா என உற்பத்தியாளரிடம் பார்க்கலாம். அதனை நிறைந்த மின்கலத்துடனேயே இடவேண்டும். இடைநடுவில் மின்சாரம் நின்றால் கமரா முற்றாகச் செயலிழக்கக்கூடும். அதுவும் பயன்படாதபோது திருத்துவோரிடம் செல்லுதலே முறை. செல்லும்போது, எத்தனையாவது படத்தில், எந்த அட்டையோடும் எந்த வில்லையோடும், எவ்வகை வெம்மையில் நின்றதென்பதை எழுதிவைத்த குறிப்பேட்டையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். திருத்துவோரின் மேசையில் கமரா தன் குறையை மறைக்கலாம், அக்குறிப்பேடோ மறைக்காது.