பாரம் எங்கே இறங்குகிறது?

கேமராப் பை வாங்கப் போகிறவர்கள் உள்ளே எத்தனை அறைகள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இடுப்புப் பட்டையை. ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா முக்கால் கிலோ இருக்கும், 70-200 எம்.எம். எஃப் 2.8 லென்ஸ் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. இன்னும் இரண்டு லென்ஸ், ஃபிளாஷ், முக்காலி, தண்ணீர் பாட்டில், பையின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் ஏழெட்டு கிலோவுக்குப் போய்விடும். அகலமான, பஞ்சு வைத்த பட்டையை இறுக்கிக் கட்டினால் இதில் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்கும். இல்லாவிட்டால் அத்தனையும் தோளுக்குத்தான். கனமான லென்ஸை முதுகை ஒட்டி வைக்கச் சொல்வதும் இதனால்தான். பாரம் முதுகைவிட்டுத் தள்ளிப் போகப் போக உடலைப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சமாளிக்க நாம் முன்பக்கம் குனிந்தே நடப்போம்.

கல்யாண மண்டபத்தில் படம் எடுப்பவருக்கு மலையேறுகிறவரின் பட்டை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே பை பாதி நேரம் நாற்காலியில்தான் இருக்கும். சட்டென்று லென்ஸ் மாற்ற, பக்கவாட்டில் திறக்கும் பை போதும். ஆனால் அதே பையோடு பறவை பார்க்க வேடந்தாங்கலுக்கும் போகிறவர் என்றால், பட்டையைக் கழற்றி மாட்டக்கூடிய பையாக வாங்கிவிடலாம். எதுவானாலும் கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்துப் பயனில்லை. உங்கள் சாமான்களையே கொண்டுபோய் நிரப்பி, கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள்.