அந்தப் பிள்ளைக்குப் பேரே வைக்கலையே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வாளைத் தீட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, டி.வி. முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் சொன்னார், “மாயாஜாலக் கதையும் விஞ்ஞானக் கதையும் படிக்கிறவன் வாழ்க்கையை விட்டு ஓடுகிறவன்” என்று. நானும் ஓடுகிறவனைப் பற்றித்தான் ஐயா பேச வந்திருக்கிறேன். சமீபத்தில் மூன்று நாவல்கள் படித்தேன். அதில் இரண்டில் ஒருத்தன் ஓடுறான். எதைப் பார்த்து ஓடுறான், அதைக் கேளுங்க.

முதல் நாவல் ‘பிராங்கன்ஸ்டைன்’. 1818-இல் லண்டனில் வெளிவந்தது. மேரி ஷெல்லி அதை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது 18. நம்ம வீட்டுல 18 வயசுப் பொண்ணுக்குத் தோசை வட்டமா வரலைன்னு கவலைப்பட்டுக்கிட்டிருக்கோம். (சிரிப்பு) முதல் பதிப்பில் எழுதியவர் பெயரே இல்லை!

பிராங்கன்ஸ்டைன்னா ஏதோ பூதம்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது பூதத்தோட பேர் இல்லை ஐயா, உண்டாக்கினவன் பேரு. விக்டர் பிராங்கன்ஸ்டைன், ஜெர்மனியில் படிக்கிற மாணவன். ராத்திரி பகலா உழைத்து, செத்த உடம்புகளிலிருந்து ஒரு உருவம் செய்து உயிர் கொடுக்கிறான். அது கண்ணைத் திறந்து பார்க்குது. உடனே இவன் அருவருத்து ஓடிப்போறான்! பேர் கூட வைக்கலை. கதை முடியுற வரைக்கும் அந்த ஜீவனுக்குப் பேர் கிடையாது.

அது ஒரு வீட்டை ஒட்டின கொட்டகையில் ஒளிந்துகொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்றுக்கொள்கிறது. ராத்திரியில் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் விறகு கொண்டு வந்து போடுகிறது. அந்த வீட்டுப் பெரியவருக்குக் கண் தெரியாது. ஒருநாள் அவர் தனியாக இருக்கும்போது போய்ப் பேசுது. அவரும் அன்பாத்தான் பேசுறார். அதற்குள் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். முகத்தைப் பார்த்த மகன் தடியால் அடிக்கிறான். கொலை அதுக்கப்புறம்தான் ஐயா. அதை நான் நியாயப்படுத்த வரலை, செத்தது ஒரு சின்னப் பையன். ஆனா அந்தச் சாவுல ஓடிப்போனவனுக்குப் பங்கு இல்லையா? (கைதட்டல்)

மேரி 1797-இல் பிறந்த சில நாள்களிலேயே அம்மா இறந்துவிட்டார். 1815-இல் மேரி பெற்ற குழந்தையும் இரண்டு வாரத்துக்குள் போய்விட்டது. மறு வருஷம்தான் இந்தக் கதையைத் தொடங்குகிறார்.

இரண்டாவது, அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’. மந்திரம் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் என்றதும், “இது ஹாரி பாட்டர் சமாச்சாரம்” என்பார் எதிரணி நண்பர். ஹாரி பாட்டர் 1997 ஐயா, இது 29 வருஷம் மூத்தது. கெட் என்ற பையன், சக மாணவனிடம் வீம்புக்குச் சவால் விட்டு மந்திரம் போடுகிறான். ஒரு கரிய நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிறகு அது துரத்துது, இவன் ஓடுறான். பழைய குருநாதர் சொல்றார், திரும்பி நில்லுன்னு. அன்னிக்கு இவன் துரத்த ஆரம்பிக்கிறான். கடைசியில் அந்த நிழலை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறான் தெரியுமா? சொல்ல மாட்டேன், வாங்கிப் படிங்க. (சிரிப்பு)

மூன்றாவது, கசுவோ இஷிகுரோவின் ‘கிளாரா அண்ட் தி சன்’, 2021-இல் வந்தது. நோயாளிச் சிறுமிக்குத் துணையாகக் கடையில் வாங்கிய இயந்திரப் பெண் கிளாரா. சிறுமி பிழைக்கணும்னு சூரியனை வேண்டிக்கிற இயந்திரம்! பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போகிறாள். கிளாரா கடைசியில் கழித்துக் கட்டிய இயந்திரங்களைப் போடுகிற இடத்தில் கிடக்கிறாள்.

இன்னிக்கு நம்ம வீட்டிலேயும் போனுக்குள்ளே பேசுற இயந்திரம் வந்தாச்சு. பிள்ளைங்க அதுகிட்ட ரகசியம் எல்லாம் சொல்லுது. செஞ்சவங்க யாரு, தப்பு நடந்தா யார் வந்து நிப்பாங்கன்னு எந்த அப்பாவாவது கேட்டோமா?

எதிரணிக்கு ஒரே கேள்வி. மேரி ஷெல்லி எந்த வாழ்க்கையை விட்டு ஓடினார்? அடுத்து வருகிறவர் பதில் சொல்லட்டும். நடுவர் மணியில கை வச்சிட்டார், நான் உட்கார்ந்துடறேன். வணக்கம்.