வீடும் நீரும்

ஒரு வீடு இடிந்து விழுந்தால் ஊரே அறிந்துகொள்கிறது. சுவர்கள் நிமிர்ந்து நிற்கும்போதே மேல்தளம் ஒழுகினால், சுவரில் ஓதம் ஏறினால், தொட்டி நீர் கெட்டுப்போனால், அவ்வீடும் தன் தொழிலைச் செய்யத் தவறியதாகவே கொள்ளவேண்டும். இத்தகைய பழுதுகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நீர். அதற்கு உரிய வழியை நாம் வகுக்காமைதான் குற்றம்.

இதற்குத் திருப்பதியில் நிகழ்ந்த ஒன்றே போதிய சான்று. 2021 நவம்பரில் அந்நகரிலும் சித்தூர்ப் பகுதியிலும் பெருமழை பெய்தது. மலைச் சரிவுகளினின்று இறங்கிய வெள்ளம் தெருக்களை மூழ்கடித்தது. அந்நாட்களில் ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு பெண்மணி, சிமெண்டு உறைகளை அடுக்கிக் கட்டிய நிலத்தடித் தொட்டியினுள் இறங்கித் துப்புரவு செய்துகொண்டிருந்தார். திடீரெனத் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு ஆள் உயரத்துக்கும் மேலாக எழும்பி நின்றது. நல்வினைப் பயனாக அவர் உயிர் தப்பினார். அந்த விந்தையைக் காண மக்கள் திரண்டனர்.

ஆயினும் இதில் மாயம் ஏதும் இல்லை. ஓடம் மிதக்கும் விதியே இங்கும் செயற்பட்டது. ஒரு கணக்குப் பார்ப்போம். 1 மீட்டர் அகலமும் 5 மீட்டர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டி ஒன்று, அடி மூடியதாய், நீர் ஊறிய மண்ணில் புதைந்திருக்கிறது. நிலத்தடி நீர் அதனை ஏறத்தாழ 3,900 கிலோ விசையுடன் மேல்நோக்கித் தள்ளும். 5 சென்டிமீட்டர் கனமுள்ள உறைகளின் எடையோ 1,800 கிலோ அளவே. தொட்டி நிறைந்திருக்கும்போது உள்ளிருக்கும் நீரின் பாரம் அதனை அமிழ்த்தி வைக்கிறது. இறைத்துவிட்டாலோ, இறுகப் பிடிக்கும் மண்ணன்றி வேறு காவல் இல்லை. அம்மண்ணும் சேறாகிவிட்டால் தொட்டி ஓடமாகிவிடுகிறது.

ஏனைய பழுதுகளிலும் நீரே முதல்வன். கடைக்காலினின்று நுண்துளைகள் வழியே ஏறும் ஈரம் சுவரை உளுக்கச் செய்கிறது. மேல்தளத்தில் தேங்கும் நீர் கசிந்து உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பினும் மிகுந்த இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டு வெடித்து உதிர்கிறது.

தடுக்கும் வழிகள் எளியவை. நிலத்தடித் தொட்டியைக் கோடையில் துப்புரவு செய்க. மழைக் காலத்தில் காலியாக விடாதீர்கள். புதிதாகக் கட்டுவோர், அடித்தளத்தைச் சுவருக்கு வெளியேயும் நீட்டி, அதன்மேல் மண்ணின் பாரம் அமரச் செய்யலாம். கடைக்காலுக்கு மேல் ஈரந்தடுக்கும் படலம் ஒன்று இடுதல் வேண்டும். மேல்தளத்துக்குச் சரிவு தந்து, தூம்புகளை ஐப்பசிக்கு முன்பே தூர் எடுத்தல் வேண்டும். யாவற்றினும் முதலாவது, ஏரியும் ஓடையும் இருந்த இடத்தில் மனை வாங்காமை.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று உண்டு. அன்றேல், முதிய பெற்றோர் தனித்துறையும் வீடு உண்டு. மாதந்தோறும் பணம் அனுப்பும் நாம், மழைக்கு முன் தூம்பும் தொட்டியும் பார்க்கப்பட்டனவா என ஒரு வார்த்தை கேட்பதில்லை. தொட்டியில் இறங்குபவர் நம் தாயாராகவும் இருக்கலாம். ஆதலால் இவ்வாண்டு அந்த ஒரு வார்த்தையைக் கேட்போமாக.