விரல் நுனியில் ஒரு துளி



கோயம்புத்தூரிலிருந்து மலைப்பாதையில் சென்றால் ஆனைகட்டியை அடையலாம். இப்புறம் தமிழ்நாடு, அப்புறம் கேரளத்தின் அட்டப்பாடி. இருபுறமும் இருளர் குடிகள் வாழ்கின்றனர். அவர்களிடையே வழிவழியாக வரும் இரத்தநோய் ஒன்று எல்லைக்கோட்டை அறியாது. அரிவாள் செல் சோகை என்பது அதன் பெயர்.

வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு, பிராணவாயு குறையும்போது அரிவாள்போல் வளைகிறது; நுண்ணிய குழாய்களை அடைத்துப் பெருவலி தருகிறது. இதனை நுண்நோக்கியில் கண்டு 1910-ஆம் ஆண்டில் எழுதியவர் சிக்காகோ மருத்துவர் ஹெரிக். மின்சாரத்தின் ஈர்ப்பில் இரத்தப் புரதம் நகரும் விதத்தைக் கொண்டு, குறை எங்குள்ளதென 1949-இல் காட்டினார் பாலிங். 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரி மலைவாசிகளிடம் இதனைக் கண்டறிந்தனர்.

அன்று ஆய்வுக்கூடமே வேண்டியிருந்தது. இன்றோ விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தமும் சிறு சோதனைப் பட்டையும் போதும். நோயாளி யார், நோயின் கூற்றை மட்டும் உடையவர் யார், இரண்டும் அல்லாதவர் யார் என்பது கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். பின்னர் ஆய்வுக்கூட யந்திரம் அதனை உறுதி செய்யும். 2023-இல் மத்திய அரசு தொடங்கிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைச் சோதிக்க முற்பட்டது.

ஆயினும், கருவி சொல்வதை மனிதர்க்கு எடுத்துரைப்பது மொழி அல்லவா? ஆங்கிலத்தில் 'கேரியர்' என்பர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நான் இச்சொல்லின் முன் தயங்கி நிற்கிறேன். 'நோய் தாங்கி' என்று எழுதினால், நலமாயுள்ள பெண்ணொருத்தி நோயாளியாகிவிடுவாள். அவளுக்கு வரன் தட்டிப்போகும். உண்மை அதுவன்று. அவள் பொதுவாக நோயின்றியே வாழ்வாள். கணவனும் அக்கூற்றை உடையவனாயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அவ்வளவே. இதனை முன்னரே அறிந்தால், அஞ்சாமல் ஆலோசித்து முடிவு செய்யலாம்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நாம், மருத்துவர் கூறியதைப் பாதி விளங்கியும் விளங்காமலும் வீடு திரும்பியதுண்டு. மலைவாசியின் நிலையும் அதுவே. ஆகவே, சோதனைப் பட்டை மலையேறும்போது, அவர்தம் மொழியில் பொறுமையாக விளக்குவோர் ஒருவரும் உடன் ஏற வேண்டும். துளி இரத்தத்தின் பயன் அப்போதுதான் முழுமை பெறும்.