யாருக்கு? எவ்வளவு?



வாசீசுவரர் கோயில் கொண்ட திருப்பாச்சூரில் சோற்றைப் பற்றிப் பேசு என்றார்கள். நெல் விளையும் மாவட்டம் இது. செங்குன்றத்து அரிசி ஆலைகள் ஊருக்கெல்லாம் அரிசி அனுப்பும் மாவட்டம். உங்களுக்குச் சோற்றைப் பற்றிச் சொல்ல நான் யார்? ஆனாலும் ஒரு கேள்வி. இன்று காலை உங்கள் வாட்ஸ்அப்பில் சாப்பாட்டைப் பற்றி எத்தனை அறிவுரை வந்தது? சோறு விஷம் என்கிறார் ஒருவர். சிறுதானியம் தின்றால் சர்க்கரை மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்கிறார் இன்னொருவர். ஐயா, எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், எத்தனை ஆண்டு பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, அடுத்த வீடியோதான் வரும்!

சோதித்துப் பார்த்துச் சொன்னவர்கள் நம் மண்ணிலேயே உண்டு. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். கால் மரத்து, இதயம் தளரும் பெரிபெரி நோயை ஆராயத்தான் அது. இன்று ஐதராபாத்தில் இருக்கிறதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அதன் பிறப்பிடம் அந்த அறைதான். சென்னை மாகாணத்தில் ஆந்திரக் கடலோரப் பகுதியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே அந்த நோய் மிகுதி. புழுங்கலரிசி உண்ட நம் பக்கம் குறைவு. ஏன்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நம் பாட்டிமார் பழக்கத்தை நாம் மதிப்பது பழசு என்பதற்காக மட்டும் அல்ல. சோதனையில் தேறியது என்பதற்காக.

அதே அறிவியல் இன்று அதே அரிசியைப் பற்றி வேறொன்றும் சொல்கிறது. அதையும் கேட்கத்தானே வேண்டும்? 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. தெற்காசியாவில், நாளுக்கு 150 கிராமுக்கும் குறைவாக வெள்ளைச் சோறு உண்டவர்களைவிட, 450 கிராமும் அதற்கு மேலும் உண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சோறு விஷம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அளவைப் பார் என்கிறது.

அளவை மாற்றினால் பலன் உண்டா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு இனிப்பையும் மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைக்க, நார்ச்சத்தைக் கூட்ட, நாளும் நடக்கத் தொடர்ந்து வழிகாட்டினார்கள். மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய். இரண்டாம் பிரிவில் 39 பேருக்கு. 2006-இல் வெளிவந்த முடிவு இது. பதினாறு பேர் தப்பினார்கள் என்று மகிழலாம். அந்த 39 பேரையும் மறக்கக் கூடாது! ஒழுங்காக இருந்தும் சிலருக்கு வரத்தான் செய்யும். நூற்றுக்கு நூறு உறுதி என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு ஆயிரம் பேரைப் பார்த்துச் சொல்கிறது. சாப்பிடுவதோ நீங்கள் ஒருவர். பொட்டாசியம் கலந்த உப்பு பலருக்கு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்; சிறுநீரகம் பழுதானவருக்கோ அது இதயத்துக்கே ஆபத்து. இன்சுலின் போடும் தோழர், மருந்தை மாற்றாமல் சோற்றை மட்டும் பாதியாக்கிவிட்டு இரவு ஷிப்டுக்குப் போனால், சர்க்கரை இறங்கி மிஷின் அருகிலேயே மயங்கி விழலாம். அறிவுரை நல்லதுதான்; அது அவருக்குத் தைத்த சட்டை இல்லை.

பிறகு உங்களுக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரியும்? அளந்து பார்த்தால் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டு முதல் வீடு தேடி வருகிறது. சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்க்கக் கை நீட்டுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சொல்லும் பரிசோதனையைக் கேளுங்கள். தட்டில் எதை மாற்றினாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கினால் தொடருங்கள். இறங்காவிட்டால் அந்த அறிவுரை எவ்வளவு பெரிய மனிதர் சொன்னதானாலும் உங்களுக்கு ஆகவில்லை.

தொழிற்சங்கத் தோழர்களிடம் கடைசியாக ஒன்று. ஆலை கேன்டீனில் சோறு கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். பொரியல் ஒரு கரண்டியோடு சரி. பிறகு தொழிலாளியைப் பார்த்துச் சோற்றைக் குறை என்றால், பசித்த வயிறு எதை நிரப்பிக்கொள்ளும்? அடுத்த பேச்சுவார்த்தையில் போனசோடு இதையும் எழுதுங்கள்: கீரையும் சுண்டலும் முட்டையும் இன்னொரு கரண்டி வேண்டும் என்று. மருத்துவர் சொல்வதைத் தட்டில் நடத்திக்காட்ட அது இல்லாமல் முடியாது.